முட்டை விடும் மூச்சு

கோழி அடைகாத்துக் குஞ்சு பொரிப்பதை நாட்டுப்புறத்தில் பிறந்த நம்மில் பலர் சிறு வயதிலேயே கண்டிருக்கிறோம். ஓலைக்கூடையில் உமியும் வைக்கோலும் பரப்பி, வீட்டின் இருட்டு மூலையில் வைத்து, பத்துப் பன்னிரண்டு முட்டைகளின்மேல் அடைக்கோழியை அமர்த்திவிட்டால், இருபத்தொரு நாள் சென்றதும் கூடைக்குள் கீச்சுக்குரல் கேட்கும். இடையில் நிகழ்ந்தது யாது என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. தேவையானதைக் கோழியே அறிந்து செய்துவிடுகிறது. கோழியை நீக்கிவிட்டு அதன் இடத்தில் ஒரு பெட்டியையும் மின்விளக்கையும் வைக்கும்போதுதான் அக்கேள்வி எழுகிறது.

கோழியின்றிக் குஞ்சு பொரிக்கும் கலை புதிதன்று. எகிப்து நாட்டார் மண்ணாற் கட்டிய பெரிய அடுப்பறைகளில் பல்லாயிரம் முட்டைகளை ஒருங்கே பொரித்து வந்தனர். அவர்களிடம் வெப்பமானி இல்லை. முட்டையைக் கண்ணிமைமேல் வைத்துப் பார்த்தே சூடு சரியாக உள்ளதா என்று அறிந்தனர். பிரெஞ்சு அறிஞர் ரேமூர் இக்கலையை ஆராய்ந்து 1749-ல் ஒரு நூலே எழுதினார். இன்றோ தெர்மோகோல் பெட்டி ஒன்று, விளக்கு இரண்டு, சிறு விசிறி ஒன்று, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று இவை இருந்தால் எவரும் வீட்டிலேயே அடைப்பெட்டி செய்துகொள்ளலாம். செய்துகொள்ளுவது எளிது. அதில் குஞ்சு பொரிப்பதுதான் எல்லா ஊரிலும் ஒன்றுபோல் எளிதாக இருப்பதில்லை.

யமுனைக்கு அப்பால் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றை நான் அறிவேன். அந்த வீட்டு அம்மையார் சிவகங்கைப் பக்கத்தவர். மாடியில் சிறுவிடைக் கோழிகள் வளர்த்து, முட்டையும் குஞ்சும் விற்று, அந்தப் பணத்தில் மகளின் பள்ளிச் செலவைப் பார்த்துக்கொள்கிறார். சென்னையிலுள்ள அவருடைய தம்பி அடைப்பெட்டி ஒன்று செய்து, அங்கே இருபது முட்டை வைத்துப் பதினைந்து குஞ்சு பொரித்துக் காட்டி, பிறகு அப்பெட்டியைத் தில்லிக்கு அனுப்பினார். “வெப்பம் 37.5 பாகை, உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர், அவ்வளவே” என்று குறிப்பும் எழுதியிருந்தார். கடந்த ஜனவரியில் அம்மையார் குறிப்பின்படியே செய்தார். இருபத்தொன்றாம் நாள் இரண்டே குஞ்சுகள் வெளிவந்தன. மற்ற முட்டைகளை உடைத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் முழு வளர்ச்சி பெற்ற குஞ்சு, சவ்வோடு சவ்வாக ஒட்டிக்கொண்டு இறந்து கிடந்தது. “மெட்ராஸில் பொரிச்ச பெட்டி இங்கே ஏன் தம்பி பொரிக்கலை?” என்று அவர் கேட்டார். பௌதிகம் பயிலும் எனக்கு அவர் கேள்வி நல்லதொரு பாடக் கணக்காகவே தோன்றியது. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெப்பம்

விசிறியுள்ள பெட்டியில் வெப்பம் 37.5 முதல் 37.8 பாகை சென்டிகிரேடு வரை இருத்தல் வேண்டும். விசிறியில்லாத பெட்டியில் மேற்புறம் சூடாகவும் கீழ்ப்புறம் குளிர்ந்தும் இருக்கும். ஆதலால் முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் வெப்பமானியை வைத்து, அங்கே 38.3 முதல் 39 பாகை வரை காட்டும்படி அமைக்க வேண்டும். வெப்பமானியைப் பெட்டியின் மூடியில் தொங்கவிட்டுவிட்டு அது காட்டும் எண்ணை நம்புவது முட்டையை வேக வைப்பதற்கோ விறைக்க வைப்பதற்கோ ஒப்பாகும்.

சூடு குறைவதைவிடக் கூடுவதே பெருந்தீங்கு. அடைக்கோழி நாள்தோறும் இரை தேடக் கால்மணி நேரமேனும் எழுந்து போகிறது. அந்நேரம் முட்டை ஆறுகிறது. அதனால் கெடுதல் நேர்வதில்லை. ஆகவே சிறிது நேரம் மின்சாரம் நின்றால் அஞ்ச வேண்டாம். பெட்டியைத் திறவாமல் கம்பளியால் போர்த்தி வைத்தாற் போதும். ஆனால் வெப்பம் 40 பாகையைத் தாண்டி நின்றால் கரு சிதையத் தொடங்கும். அடைகாலத்தின் பிற்பாதியில் குஞ்சு தானே வெப்பத்தை உண்டாக்குவதால் அப்பொழுது இன்னும் கூர்ந்த கவனம் வேண்டும்.

விலை மலிந்த கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரு பாகை வரை பிழை காட்டக்கூடும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இந்த எல்லைக்குள் மிகவும் திருத்தமானது. முட்டை வைக்குமுன் அதனை உணர்முனையின் அருகே வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மற்றொன்று: எல்.இ.டி. விளக்கு ஒளி தருமேயன்றிப் போதிய சூடு தராது. பழைய குண்டு விளக்கே இதற்குப் பொருத்தம். ஒன்று எரிந்து போனாலும் மற்றொன்று காக்கும்படி இரண்டு விளக்குகளைப் பொருத்துவது அறிவுடைமை.

அம்மையாரின் பெட்டியில் வெப்பம் சரியாகவே இருந்தது. ஆதலால் குற்றம் வேறிடத்தில் இருக்க வேண்டும்.

முட்டை விடும் மூச்சு

முட்டையோடு கல்போல் மூடிய பாத்திரமன்று. அதில் ஏறத்தாழப் பதினாயிரம் நுண்துளைகள் உள்ளன. அத்துளைகளின் வழியே பிராணவாயு உட்புகுகிறது; கரியமில வாயுவும் நீராவியும் வெளியேறுகின்றன. ஹெர்மன் ரான், ஏமஸ் ஆர், சார்லஸ் பகனெல்லி ஆகிய மூவர் இதனை விரிவாக ஆராய்ந்து 1979-ல் எழுதினர். 60 கிராம் முட்டை ஒன்று இருபத்தொரு நாளில் சுமார் 6 லிட்டர் பிராணவாயுவை உட்கொண்டு, 4.5 லிட்டர் கரியமில வாயுவையும் 11 லிட்டர் நீராவியையும் வெளிவிடுகிறது என்பது அவர்கள் தந்த கணக்கு. நாம் உயிரற்றது என்று கையில் எடுத்துப் பார்க்கும் முட்டை மூன்று வாரமாக ஓயாமல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது!

வெளியேறும் நீராவியின் இடத்தைக் காற்று நிரப்புகிறது. முட்டையின் அகன்ற முனையில் இக்காற்று சேர்ந்து ஓர் அறையாகிறது. இக்காற்றறை நாளுக்கு நாள் பெருகும். பத்தொன்பது, இருபதாம் நாளில் குஞ்சு தன் அலகால் சவ்வைத் துளைத்து முதன்முதலாக நுரையீரலால் மூச்சு விடுவது இந்த அறைக் காற்றைக் கொண்டுதான். ஆகவே இருபத்தொரு நாள் முயற்சியின் முடிவு பெரிதும் அந்த அறையின் அளவைப் பொறுத்தது.

முட்டையிலிருந்து நீர் போதிய அளவு போகாவிட்டால் அறை சிறுத்துப்போகும். குஞ்சு நீர் கோத்து உப்பி, திரும்ப இடமின்றி, மூச்சுத் திணறி மடியும். மிகுதியாகப் போய்விட்டால் அறை பெருத்துவிடும்; குஞ்சு சிறுத்து, சவ்வு உலர்ந்து தோல்போல் இறுகி அதனைக் கட்டிவிடும். இரண்டிற்கும் நடுவே உள்ள அளவு யாதெனில், முதல் பதினெட்டு நாளில் முட்டை தன் எடையில் நூற்றுக்கு 11 முதல் 13 பங்கு இழக்க வேண்டும் என்பதே. பெட்டியின் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் சாதாரண முட்டை ஏறத்தாழ இந்த அளவே இழக்கும். நூல்கள் 50 முதல் 55 என்று கூறுவதன் காரணம் இதுவே.

அம்மையார் உடைத்துப் பார்த்த முட்டைகள் உலர்ந்தவை. சென்னையில் போதுமாயிருந்த ஒரு கிண்ணம் நீர் தில்லியில் ஏன் போதவில்லை?

ஊருக்கு ஊர் வேறு காற்று

இதனை எளிய கணக்கால் விளக்கலாம். காற்று சூடேறச் சூடேற மிகுதியான நீராவியைத் தாங்கவல்லது. 37.5 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 45 கிராம் நீராவியைத் தாங்கும். பெட்டிக்குள் இருக்கும் காற்று வெளியிலிருந்து வந்து சூடேறிய காற்றே. எனவே வெளிக்காற்று எவ்வளவு நீராவி கொண்டு வருகிறது என்பதை 45 கிராமோடு ஒப்பிட்டால் பெட்டியின் ஈரப்பதம் தெரிந்துவிடும்.

சென்னையில் 30 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அக்காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீராவி உண்டு. அது பெட்டிக்குள் நுழைந்து சூடேறினால் ஈரப்பதம் 50 விழுக்காடு ஆகும். அதாவது, கிண்ணத்தில் ஒரு துளி நீர் இல்லாவிட்டாலும் கடற்காற்றே பெட்டியைச் சரியாக வைத்துவிடும்!

இனித் தில்லியின் ஜனவரி நாள் ஒன்று. வெப்பம் 15 பாகை, ஈரப்பதம் 60 விழுக்காடு. கேட்பதற்கு ஈரமான காற்றாகத் தோன்றும், மூடுபனியும் கண்டிருப்போம். ஆனால் குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க இயலாது. அதிலுள்ளது 8 கிராமுக்கும் குறைவே. அது பெட்டிக்குள் சூடேறும்போது ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். முட்டைக்குள் ஈரப்பதம் எப்பொழுதும் 100 எனக் கொள்ளலாம். சென்னையில் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு 50, தில்லியில் 83. நீர் வெளியேறும் வேகம் இவ்வேறுபாட்டின் அளவிற்கு ஏற்பக் கூடும். சென்னையில் 12 விழுக்காடு எடை இழக்கும் முட்டை தில்லிக் குளிர்காலத்தில் 20 விழுக்காடு இழந்துவிடும். ஒரு சிறு கிண்ணம் இந்தப் பள்ளத்தை எவ்வாறு நிரப்பும்?

ஆகவே, தம்பி எழுதிய குறிப்பில் பொய்யில்லை. அது சென்னைக் காற்றைத் தன்னுள் அடக்கிய குறிப்பு. கிண்ணம் என்று எழுதியவர், கிண்ணத்தோடு கடலும் சேர்ந்து வேலை செய்ததை எழுதவில்லை. அவருக்கே அது தெரியாது.

ஈரத்தை அளத்தல்

சிறிய எண்முக ஈரமானிகள் இப்பொழுது மலிவாகக் கிடைக்கின்றன. ஆயினும் அவற்றுட் பல பத்து விழுக்காடு வரை தவறு காட்டும். அவற்றைச் சோதிக்க வீட்டு உப்பே போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பை இட்டு, ஈரக் குழம்பாகும் அளவு மட்டும் நீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத உறையிலோ டப்பாவிலோ மூடி அரை நாள் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். இது இயற்கை விதி. ஈரமானி 69 காட்டினால் அது எப்பொழுதும் ஆறு குறைவாகச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

ஈரமானி இல்லையெனில், சாதாரண வெப்பமானியின் குமிழைப் பருத்தித் திரியால் சுற்றி, திரியின் மறுமுனையை நீரில் அமிழ்த்தி, விசிறிக் காற்று படும்படி வையுங்கள். பெட்டி 37.5 பாகையில் இருக்கும்போது ஈரத்திரி வெப்பமானி 28.3 காட்டினால் ஈரப்பதம் 50; 29.4 காட்டினால் 55, 31.4 காட்டினால் 65.

ஈரத்தைக் கூட்ட வேண்டுமானால் நீரின் ஆழத்தைக் கூட்டிப் பயனில்லை. பரப்பைக் கூட்ட வேண்டும். ஆழமான குவளையைவிட அகன்ற தட்டு மேலானது. தட்டில் ஒரு துணியின் முனையை நனையவிட்டு மறுமுனையைத் தொங்கவிட்டால் பரப்பு இன்னும் பெருகும். ஈரத்தைக் காக்க எண்ணிக் காற்றுத் துளைகளை அடைப்பது மட்டும் கூடாது. மூச்சு விடும் உயிர்கள் உள்ளே இருக்கின்றன.

தராசே வழிகாட்டி

ஈரமானியைவிட நம்பத்தக்க கருவி ஒன்று உண்டு. அதுவே சமையலறைத் தராசு. முட்டைக்கு வேண்டியது 50 என்னும் எண் அன்று. உரிய எடை இழப்பே. ஓடு தடித்த முட்டையும் உண்டு, மெலிந்த முட்டையும் உண்டு. ஈரமானி பெட்டியின் நிலையைச் சொல்லும்; தராசோ முட்டையின் நிலையையே சொல்லும்.

முறை இதுதான். ஒவ்வொரு முட்டையின் மேலும் பென்சிலால் எண்ணிட்டுத் தனித்தனியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். மொத்த எடையில் 12 விழுக்காடு கண்டு, அதைப் பதினெட்டால் வகுத்தால் ஒரு நாளைய இழப்பு கிடைக்கும். ஆறு நாளுக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால் நீரைக் கூட்டுங்கள், மிகுந்திருந்தால் குறையுங்கள்.

அம்மையார் பிப்ரவரியில் மீண்டும் இருபது முட்டை வைத்தபோது இம்முறையைக் கைக்கொண்டோம். மொத்தம் 900 கிராம். நாளொன்றுக்கு 6 கிராம் இழக்க வேண்டும். ஆறாம் நாள் 864 இருக்க வேண்டிய இடத்தில் 852 இருந்தது. இரண்டு தட்டு நீர் வைத்தும் உலர்வு மிகுதி என்பது தெளிவாயிற்று. ஈரத்துணியைச் சேர்த்தோம். ஏழாம் நாள் இருட்டறையில் கைவிளக்கின்மேல் வைத்துப் பார்த்ததில் இரண்டு முட்டைகளில் கரு இல்லை. அவற்றை நீக்கி, அவற்றின் தொடக்க எடையையும் கணக்கிலிருந்து கழித்தோம். எஞ்சிய பதினெட்டின் தொடக்க எடை 810. பன்னிரண்டாம் நாள் 745 எதிர்பார்த்தோம், இருந்தது 743. பதினெட்டாம் நாள் 713 எதிர்பார்த்தோம், இருந்தது 712. பதினான்கு குஞ்சுகள் பொரிந்தன. பெட்டி அதே பெட்டிதான். விளக்கும் அதே விளக்குதான்.

கடைசி மூன்று நாள்

பதினெட்டாம் நாள் வரை முட்டையை நாளுக்கு மூன்று முறையேனும் திருப்ப வேண்டும். இல்லையேல் கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் திருப்புவதை நிறுத்திவிட்டு, ஈரப்பதத்தை 65 முதல் 70 வரை உயர்த்த வேண்டும். இதுவரை நீரைப் போகவிட்ட நாம் இப்பொழுது அதைத் தடுப்பது முரணாகத் தோன்றலாம். காரணம் உண்டு. குஞ்சு ஓட்டை உடைத்ததும் சவ்வு நேரே காற்றில் படுகிறது. காற்று உலர்ந்திருந்தால் சவ்வு சில நிமிடங்களில் காய்ந்து குஞ்சைக் கட்டிவிடும்.

இந்நாட்களில் மூடியைத் திறக்கக் கூடாது. ஒருமுறை திறந்தால் சூடான ஈரக்காற்று முழுவதும் வெளியேறிவிடும். முதல் விரிசல் கண்டபின் குஞ்சு வெளிவரப் பன்னிரண்டு மணி முதல் ஒரு நாள் வரை ஆகலாம். இரக்கப்பட்டு ஓட்டை உரிப்பவர்கள் பெரும்பாலும் குருதிப் பெருக்கையே காண்பர். பொரிந்த குஞ்சுக்கு உடனே இரை தேவையில்லை. பொரிப்பதற்குச் சற்று முன் மஞ்சட்கருவின் எச்சம் அதன் வயிற்றினுள் இழுக்கப்பட்டு இரண்டு நாளுக்கு உணவாகிறது. சிறகு உலரும்வரை அது பெட்டியிலேயே இருக்கட்டும்.

தில்லிப் பருவங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை உலர்ச்சியே பகை. அகன்ற நீர்ப்பரப்பு வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 30 பாகையும் 80 விழுக்காடும் உள்ள நாளில் பெட்டி நீரின்றியே 53, 54 விழுக்காடு காட்டும். அப்பொழுது தில்லி சென்னையாகிவிடுகிறது. பதினெட்டாம் நாள் வரை கிண்ணத்தை எடுத்துவிடலாம்.

மே, ஜூன் மாதங்களில்தான் பெரிய இடர். அடைப்பெட்டிக்குச் சூடாக்கத் தெரியுமேயன்றிக் குளிர்விக்கத் தெரியாது. அறையே 40 பாகை இருக்கும்போது விளக்கு அணைந்தும் பெட்டி ஆறாது. தண்ணீர்க் கூலர் ஓடும் அறையில் வைத்தால் சூடும் தணியும், காற்றும் ஈரமாகும். கூலர்க் காற்று நேரே பெட்டிமேல் படாமல் பார்த்துக்கொண்டாற் போதும். அத்தகைய அறை இல்லாதவர்கள் அவ்விரு மாதமும் முட்டை வைக்காதிருப்பதே நன்று.

சில சிறு குறிப்புகள். கடையில் விற்கும் பண்ணை முட்டை பொரிக்காது. சேவலின்றி வளரும் கோழிகள் இட்டவை அவை. முட்டையைக் கழுவ வேண்டாம்; ஓட்டின்மேலுள்ள மெல்லிய காப்புப் படலம் போய்விடும். குளிர்ந்த இடத்தில் கூர்முனை கீழாக வைத்து, ஒரு வாரத்துக்குள் அடைவைக்க வேண்டும். தோல்வியுற்ற முட்டையைக் கூமுட்டை என்று எறிந்துவிடாமல் உடைத்துப் பாருங்கள். உலர்ந்து ஒட்டிய குஞ்சா, நீர் கோத்த குஞ்சா, கருவே இல்லையா என்பதைக் காண்பவர்க்கு அடுத்த முறை எதைத் திருத்துவது என்பது விளங்கிவிடும்.

நண்பர்களே, நம்மிற் பலருடைய வீடுகளில் இன்றும் அன்னையர் கோழி வளர்க்கின்றனர். கைப்பேசியில் கண்ட குறிப்பைக் கொண்டு அடைப்பெட்டி வாங்கியவர்களும் அவர்களுள் உண்டு. கோவில்பட்டிக் கோடையும் நாகப்பட்டினத்துக் கார்காலமும் ஒன்றல்ல. இரண்டிற்கும் ஒரே குறிப்புச் செல்லாது. வரும் விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒரு கிராமையும் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றை வாங்கிச் செல்லுங்கள். அம்மாவின் அருகில் அமர்ந்து முட்டைகளுக்கு எண்ணிட்டு, முதல் நாள் எடையை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆறாம் நாள் எடையை அவர்கள் தொலைபேசியில் சொல்வார்கள். கணக்கை நீங்கள் இங்கிருந்தே போட்டுச் சொல்லலாம்.